உங்களுக்குத் தெரியுமா? கையில் கட்டிய கணக்குப்பிள்ளை

அப்புத்தளை டவுனைத் தாண்டி எந்தப் பக்கம் ஓடினாலும் ஒன்று ஏற்றம், இல்லாவிட்டால் இறக்கம். சமதரை வேண்டுமென்றால் ரயில் மேடையில்தான் ஓட வேண்டும். ஓடுகிறவர் கையில் கட்டும் ஸ்மார்ட் வோட்ச்சோ சமதரைக்காரரை மனதில் வைத்தே பாதிக் கணக்கைப் போடுகிறது. தோட்டத்துக் கணக்குப்பிள்ளை மாதிரி அது எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளும். எதைப் பார்த்து, எப்படிக் குறிக்கிறது என்று தெரியாவிட்டால், முழுநாள் வேலைக்கு முழுப்பேர் போட வேண்டிய இடத்தில் அரைப்பேர் விழுந்தாலும் நமக்குத் தெரியாது. கணக்கு எழுதும் விதத்தைக் கொஞ்சம் பார்ப்போம்.

பச்சை வெளிச்சம் படிக்கும் நாடி

● வோட்ச்சைக் கழற்றித் திருப்பிப் பார்த்தால் அடியில் பச்சை வெளிச்சம் மினுங்கும். இரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். இதயம் ஒரு முறை துடித்ததும் தோலுக்கு அடியில் ஓடும் இரத்தம் ஒரு துளி கூடும். திரும்பி வரும் ஒளி அந்த அளவு குறையும். இந்தக் கூடுதல் குறைச்சலை எண்ணித்தான் ‘நிமிடத்துக்கு 142’ என்று சொல்கிறது. வோட்ச் இதயத்தைத் தொடுவதே இல்லை. மணிக்கட்டில் வந்து விழும் நிழலைத்தான் எண்ணுகிறது.

● விடியற்காலைக் குளிரில் அந்த எண்ணை உடனே நம்ப வேண்டாம். உடம்பு சூட்டைக் காக்கத் தோலடி இரத்தக் குழாய்கள் சுருங்கிவிடும். வெளிச்சத்துக்கு அகப்படும் இரத்தம் குறைவு; கணக்கு தடுமாறும். முதல் பத்து நிமிடம் ஸ்வெட்டர் கையை இழுத்து வோட்ச்சை மூடிக்கொண்டு மெதுவாக ஓடுங்கள். விரல் நுனியில் சூடு ஏறிய பிறகு வரும் எண்தான் பேசத் தகுந்தது.

● கட்டுகிற இடமும் முக்கியம். மணிக்கட்டு எலும்பின் மேலேயே கட்டினால் வோட்ச் ஆடும், இடைவெளியில் வெளிச்சம் புகும். எலும்பிலிருந்து முழங்கைப் பக்கமாக இரண்டு விரல் தள்ளி, தோல் அமுங்காத அளவுக்கு இறுக்கிக் கட்டுங்கள். ஓடி முடித்ததும் ஒரு துளை தளர்த்திவிடலாம்.

● நிம்மதியாகப் பேசிக்கொண்டே ஓடுகிறீர்கள். வோட்ச் மட்டும் 172, 174 என்று பயமுறுத்துகிறதா? பெரும்பாலும் அது இதயத்தின் எண்ணாக இருக்காது, காலடியின் எண்ணாக இருக்கும். நிமிடத்துக்கு 170 அடி வைத்து ஓடும்போது கையும் அதே தாளத்தில் குலுங்கும். வெளிச்சக் கணக்கு அந்தக் குலுங்கலைத் துடிப்பு என்று பிடித்துக்கொள்ளும். ஒரு நிமிடம் நின்று பட்டியைச் சரிசெய்தால் எண் சட்டென்று இறங்கிவிடும்.

● இதில் ஐயமே வேண்டாம் என்பவர்களுக்கு மார்புப் பட்டி இருக்கிறது. அது இதயத்தின் மின் அசைவையே பிடிக்கிறது. கம்பி இல்லாமல் துடிப்பைக் கைக்கடிகாரத்துக்கு அனுப்பும் கருவியை 1982-ல் சந்தைக்குக் கொண்டுவந்தது பின்லாந்தின் போலார் நிறுவனம். அந்த நிறுவனத்தை 1977-ல் தொடங்கியவர் செப்போ சய்னயகங்காஸ் என்ற மின்னணுவியல் பேராசிரியர்.

● தோல் கறுப்பாக இருந்தால் வோட்ச் தப்புச் சொல்லுமா? 2020-ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகம் பல நிறத்தவர்களை வைத்துச் சோதித்தது. துடிப்புக் கணக்கில் நிறத்தால் பெரிய வேறுபாடு தெரியவில்லை. உடல் அசைவால்தான் பிழை கூடியது. ஆனால் இரத்தத்தின் ஒட்சிசன் அளவு வேறு கதை. அதே ஆண்டில் வெளியான ஆஸ்பத்திரி ஆய்வொன்றில், விரலில் மாட்டும் ஒட்சிசன் மானி கறுப்பினத்தவரின் குறைபாட்டை வெள்ளையரைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகமாகத் தவறவிட்டிருந்தது. வோட்ச் காட்டும் ஒட்சிசன் எண்ணை வைத்து வைத்தியம் முடிவு செய்யக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

220-ல் வயதைக் கழித்தால்

● ‘உங்கள் உச்சத் துடிப்பு 220-ல் வயதைக் கழித்தால் வருவது’ என்ற சூத்திரம் 1971-ல் வெளியான ஒரு மருத்துவக் கட்டுரையிலிருந்து பரவியது. அதற்காகத் தனியாகச் செய்த பரிசோதனை எதுவும் கிடையாது. கிடைத்த பழைய தரவுகளின் மேல் போட்ட ஒரு கோடுதான். 2001-ல் டனாகா என்ற ஆய்வாளரின் குழுவினர் நிறையத் தரவுகளைத் திரட்டி இன்னொன்றைச் சொன்னார்கள்: வயதை 0.7 ஆல் பெருக்கி 208-ல் கழியுங்கள். 40 வயதில் இரண்டும் 180 தான். 20 வயதில் 200-க்குப் பதில் 194 வரும். 60 வயதில் 160-க்குப் பதில் 166. இரண்டுமே சராசரிதான். ஒரே வயதுக்காரர் இருவருக்குள் 20 துடிப்பு வித்தியாசம் இருப்பது சாதாரணம்.

● வோட்ச் காட்டும் ‘இலகு’, ‘நடுத்தரம்’, ‘கடினம்’ என்ற வர்ணப் பட்டைகள் எல்லாம் இந்த உச்சத் துடிப்பிலிருந்து வெட்டி எடுத்தவை. உச்சம் தப்பென்றால் பட்டையும் தப்பு. இந்த ஊர்க்காரருக்கு அதைச் சரிபார்க்க நல்ல வசதி உண்டு: நன்றாக உடம்பைச் சூடாக்கிக்கொண்டு, மூன்று நிமிட ஏற்றம் ஒன்றை மூன்று முறை, ஒவ்வொரு முறையும் இன்னும் வேகமாக ஏறுங்கள். கடைசி முறை உச்சியில் வரும் எண் உங்கள் உண்மை உச்சத்துக்குப் பக்கத்தில் இருக்கும். நாற்பதைத் தாண்டியவர்கள், பிரஷர், சுகர், நெஞ்சுவலி உள்ளவர்கள் வைத்தியரிடம் கேட்காமல் இதைச் செய்ய வேண்டாம்.

● வோட்ச் தரும் எண்களில் அதிகம் நம்பக்கூடியது ஓடாதபோது எடுக்கும் எண். தூங்கும்போது கை அசையாது, வெளிச்சமும் தடுமாறாது. வழக்கமாக 58 இருக்கும் ஓய்வுத் துடிப்பு இரண்டு நாள் 66-ல் நின்றால் உடம்பு எதையோ எதிர்த்துப் போராடிக்கொண்டிருக்கலாம். 2020-ல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் கொரோனா பிடித்த 32 பேரின் வோட்ச் தரவுகளைத் திருப்பிப் பார்த்தார்கள். 26 பேரின் தரவில் மாற்றம் தெரிந்தது. பலருக்கு அறிகுறி வருவதற்கு முன்பே தெரிந்தது.

● ஓய்வுத் துடிப்பும் ஓடும்போது வரும் துடிப்பும் மாதக்கணக்கில் காரணமில்லாமல் உயர்ந்தே இருந்தால், பயிற்சியைக் கூட்டுவதற்கு முன் இரத்தத்தைச் சோதியுங்கள். ஈமோகுளோபின் குறைந்தால் அதே ஒட்சிசனைக் கொண்டுபோக இதயம் கூடுதலாக அடித்தாக வேண்டும். தோட்டப்புறப் பெண்களிடையே இரத்தச்சோகை நெடுநாளாகப் பேசப்படும் பிரச்சினை. இன்னொன்றும் உண்டு: சாப்பாட்டோடு குடிக்கும் தேநீர், கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்வதைத் தடுக்கும். தேயிலை மலையிலேயே இருந்தாலும் பிளேன்டீயைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தள்ளிக் குடிப்பதே ஓடுகிறவருக்கு நல்லது.

வானத்தில் இருந்து அளக்கும் தூரம்

● ஜீ.பி.எஸ். செய்மதிகள் நமக்கு மேலே ஏறக்குறைய 20,200 கிலோமீற்றரில் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் ‘இப்போது மணி என்ன, நான் எங்கே இருக்கிறேன்’ என்று மட்டும் சொல்லிக்கொண்டே போகும். குறைந்தது நான்கு செய்மதிகளின் சேதி வந்து சேர எடுத்த நேரத்தை ஒப்பிட்டு வோட்ச் தன் இடத்தைக் கணக்கிடுகிறது. ஒளி ஒரு நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கில் 30 சென்றிமீற்றர் ஓடிவிடும். அந்த நுணுக்கத்தில் நேரம் தப்பினால் தூரமும் தப்பும். 2000-ம் ஆண்டு மே மாதம் வரை அமெரிக்க இராணுவம் பொதுமக்களுக்கான சேதியில் வேண்டுமென்றே பிழை கலந்து வைத்திருந்தது. அந்தப் பிழையை எடுத்த பிறகுதான் ஓடுகிறவர் கைக்கு இது உதவியது.

● அப்புத்தளை ஒரு மலை முதுகில் உட்கார்ந்திருக்கிறது. முதுகின் மேல் ஓடினால் வானம் இரண்டு பக்கமும் திறந்திருக்கும். தடம் கோடு போட்டது போல விழும். மலையைக் குடைந்த ரோட்டிலோ அடர்ந்த டர்பன்டைன் மரங்களுக்குக் கீழேயோ போனால் பாதி வானம் மறைந்துவிடும், சேதி பாறையில் பட்டுத் திரும்பியும் வரும். வீட்டை விட்டு இறங்கியதும் ஓடத் தொடங்காமல், திறந்த இடத்தில் நின்று வோட்ச் செய்மதிகளைப் பிடிக்கும் வரை பொறுங்கள். முதல் கிலோமீற்றரில் வரும் பிழை பல நேரம் இந்தப் பொறுமையின்மையால் வருவது.

● கொண்டை ஊசி வளைவு உங்கள் தூரத்தைத் திருடும். 8 மீற்றர் ஆரம் கொண்ட அரைவட்ட வளைவைச் சுற்றினால் 25 மீற்றர். குறுக்கே கோடு இழுத்தால் 16 மீற்றர். கிலோமீற்றருக்கு 6 நிமிடம் என்ற வேகத்தில் ஓடுகிறவர் நொடிக்கு 2.8 மீற்றர் போவார். வோட்ச் நொடிக்கு ஒரு புள்ளி வைத்தால் வளைவு முழுதாகப் பதியும். பேட்டரியை மிச்சம் பிடிக்கும் அமைப்பில் 10 நொடிக்கு ஒரு புள்ளி வைத்தால் வளைவு முழுவதும் இரண்டு புள்ளிக்குள் காணாமல் போகும். தம்பேதன்ன ரோட்டைப் போல வளைந்து வளைந்து போகும் பாதைக்கு ‘ஒவ்வொரு நொடியும்’ என்ற அமைப்பையே வையுங்கள்.

● ‘மேடு ஏறினேன், ஜீ.பி.எஸ். கிடைத்தூரத்தை மட்டும்தான் எண்ணுகிறது, எனக்கு நட்டம்’ என்ற புலம்பலில் உண்மை கொஞ்சம்தான். 100 மீற்றருக்கு 10 மீற்றர் உயரும் செங்குத்தான ஏற்றத்தில்கூடச் சாய்வுத் தூரம் 100.5 மீற்றர். நட்டம் அரை மீற்றர். ஏற்றம் நம்மிடம் வாங்குவது தூரத்தில் இல்லை, மூச்சில்.

● மரதன் ஓடி முடித்தவர் வோட்ச்சைக் காட்டி ‘42.6 காட்டுகிறது, பாதையைத் தப்பாக அளந்துவிட்டார்கள்’ என்பார். அங்கீகரித்த பாதையை அளவுதிருத்தம் செய்த சைக்கிள் சக்கரத்தால், வளைவுகளில் ஓரத்திலிருந்து 30 சென்றிமீற்றர் தள்ளி, மிகக் குறுகிய கோட்டில் அளப்பார்கள். குறைந்துவிடக் கூடாது என்று ஆயிரத்துக்கு ஒன்று கூட்டியும் வைப்பார்கள். கூட்டத்தில் அந்தக் கோட்டிலேயே ஓட யாராலும் முடியாது. வோட்ச் கூடுதலாகக் காட்டுவதே இயல்பு.

● மைதானத்தில் ஜீ.பி.எஸ்.ஸை நம்பாதீர்கள். பதுளை வின்சன்ட் டயஸ் மைதானத்தில் சுற்றிச் சுற்றி ஓடினால் தடம் நூல்கண்டு சிக்கியது போல விழும். முறையாக அமைத்த ஓடுதளத்தில் முதல் பாதை 400 மீற்றர். வெளிப்பக்கம் ஒரு பாதை தள்ளினால் சுற்றுக்கு ஏறக்குறைய 7 மீற்றர் கூடும். 10,000 மீற்றர் என்பது 25 சுற்று. கோட்டைத் தாண்டும்போது பொத்தானை அமுக்கி எண்ணுவதே சரி.

காற்று சொல்லும் உயரம்

● நல்ல வோட்ச்களில் உயரத்தைச் செய்மதி சொல்வதில்லை, காற்று சொல்கிறது. ஜீ.பி.எஸ். பக்கவாட்டில் காட்டுவதைவிட உயரத்தில் கூடுதலாகப் பிழை செய்யும். அதனால் உள்ளே ஒரு சின்ன வளியமுக்கமானி வைத்திருக்கிறார்கள். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,430 மீற்றர் உயரத்தில் உள்ள அப்புத்தளையில் 10 மீற்றர் ஏறினால் அமுக்கம் சுமார் 1 ஹெக்டோபாஸ்கல் குறையும். அங்கிருந்து 1,970 மீற்றர் அளவில் உள்ள லிப்டன் சீட் காட்சிமுனைக்கு ஏறுவதற்குள் 50-க்கும் மேல் குறைந்துவிடும். வோட்ச்சுக்கு இது தாராளமாகப் போதும்.

● ஆனால் காற்று ஒரே இடத்தில் நிற்கும்போதும் மாறும். வெப்பமண்டலத்தில் வளியமுக்கத்துக்கு நாளுக்கு இரண்டு வற்று, இரண்டு பெருக்கு. காலை 10 மணிக்கும் இரவு 10 மணிக்கும் ஏறி நிற்கும். விடியற்காலை 4 மணிக்கும் மாலை 4 மணிக்கும் இறங்கி நிற்கும். இடைவெளி ஏறக்குறைய 2 ஹெக்டோபாஸ்கல் என்று வைத்தாலும் உயரக் கணக்கில் 20 மீற்றர் ஆயிற்று. விடியற்காலையில் லிப்டன் சீட்டுக்குப் புறப்பட்டு 10 மணிக்குத் திரும்பி வந்து நின்றால், புறப்பட்ட இடமே கீழே இறங்கிவிட்டதாக வோட்ச் சொல்லும். பழுது வோட்ச்சில் இல்லை.

● இதற்கு மருந்து ஊரிலேயே இருக்கிறது. மலைநாட்டு ரயில் நிலையப் பலகைகளில் ஊர்ப் பெயரோடு கடல் மட்டத்திலிருந்து உயரமும் எழுதியிருக்கும். ஸ்டேஷனில் நின்று பலகையில் உள்ள எண்ணை வோட்ச்சில் போட்டுவிட்டு ஓட்டத்தைத் தொடங்குங்கள். இதே பாதையில் கொழும்புப் பக்கமாகப் போனால் வரும் பட்டிப்பொல, 1,897 மீற்றரில், இலங்கையின் மிக உயரமான ரயில் நிலையம்.

ஏற்றம், இறக்கம், காற்று

● சமதரையில் ஒரு கிலோமீற்றர் ஓடச் செலவாகும் சக்தியை ஒரு ரூபாய் என்று வைத்தால், நூற்றுக்குப் பத்து ஏற்றத்தில் அதே தூரத்துக்கு ஏறக்குறைய ஒரு ரூபாய் அறுபத்தைந்து சதம் ஆகும். இத்தாலியரான அல்பேர்ட்டோ மினெட்டி மலை ஓட்டக்காரர் 10 பேரைச் சாய்வு மாற்றும் ஓடுபட்டியில் ஓடவிட்டு 2002-ல் வெளியிட்ட கணக்கு இது. சமதரையில் 6 நிமிடத்தில் கிலோமீற்றர் முடிப்பவர் அதே உழைப்பில் இந்த ஏற்றத்தில் 10 நிமிடம் எடுப்பார். வோட்ச் ‘வேகம் குறைவு’ என்றால் வெட்கப்பட ஒன்றுமில்லை. ‘சாய்வு திருத்திய வேகம்’ என்ற வசதி அதில் இருந்தால் அதைப் பாருங்கள். இல்லாவிட்டால் ஏற்றத்தில் வேகத்தை மறந்து துடிப்பைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

● அதே ஆய்வின்படி நூற்றுக்கு 20 இறக்கத்தில்தான் ஓட்டத்துக்குச் சக்தி மிகக் குறைவாகச் செலவாகிறது, சமதரையில் பாதிதான். அதைவிடச் செங்குத்தானால் பிரேக் பிடிக்கவே சக்தி போகும். லிப்டன் சீட்டிலிருந்து கீழே வரும்போது துடிப்பு 120-ல் நிற்கும். வோட்ச் ‘இலகுவான பயிற்சி’ என்று எழுதும். மறுநாள் லயத்துப் படி இறங்கத் தொடை விடாது. தசை நீண்டுகொண்டே உடம்பைத் தாங்கும்போதுதான் நார்கள் அதிகம் காயப்படுகின்றன. அதைப் பச்சை வெளிச்சம் பார்ப்பதில்லை. இறக்க ஓட்டத்துக்கு மறுநாள் வோட்ச் என்ன சொன்னாலும் ஓய்வு எடுங்கள்.

● காற்றடிப்பதும் வோட்ச்சுக்குத் தெரியாது. ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை ஊவாத் தேயிலைக்குத் தனி வாசம் தருகிற அதே வறண்ட காற்றுதான் அப்புத்தளைக் கணவாயில் ஆளைத் தள்ளும். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் கூடும். மணிக்கு 10 கிலோமீற்றரில் ஓடுகிறவர் மேல் எதிரே 20 கிலோமீற்றர் காற்று வீசினால், உடம்பு சந்திப்பது 30; தடை ஒன்பது மடங்கு. வேகம் குறைந்து துடிப்பு ஏறியதை மட்டும் பார்த்து வோட்ச் ‘உங்கள் உடற்தகுதி சரிகிறது’ என்று எழுதிவிடும்.

● அப்புத்தளைக் காற்றில் ஒட்சிசனின் பங்கு கொழும்பில் உள்ளதுபோலவே நூற்றுக்கு 21 தான். ஆனால் அமுக்கம் குறைவு. மூச்சுக்கு ஒட்சிசன் கடல் மட்டத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய 84 வீதமே கிடைக்கும். கொழும்பிலிருந்து வந்து மறுநாளே ஓடுகிறவருக்கு எல்லா எண்ணும் மோசமாகத் தெரிவது இதனால்தான்.

● 1997-ல் அமெரிக்கர்களான லெவின், ஸ்ட்ரே-கண்டர்சன் இருவரும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். 2,500 மீற்றரில் தங்கி, 1,250 மீற்றருக்கு இறங்கிப் பயிற்சி செய்த ஓட்டக்காரர்கள் நன்றாக முன்னேறினார்கள். உயரத்தில் உறங்கினால் சிவப்பணு கூடும். தாழ்வில் ஓடினால் வேகம் குறையாது. பண்டாரவளை 1,200 மீற்றருக்குச் சற்று மேலே. ஹோட்டன் சமவெளி 2,100-க்கு மேலே. அந்தச் சோதனை கேட்ட இரண்டு உயரங்களுக்கும் ஏறக்குறைய நெருக்கமானவை ஒரே மலைத்தொடரில் அடுத்தடுத்து இருக்கின்றன.

● வோட்ச் காட்டும் ‘வி.ஓ.2 மெக்ஸ்’ (உடம்பு உச்சமாக எடுத்துக்கொள்ளும் ஒட்சிசன் அளவு) அளந்த எண் அல்ல, ஊகம். உண்மையில் அளக்க முகமூடி மாட்டி மூச்சுக்காற்றைப் பிடித்துப் பார்க்க வேண்டும். காசில்லாத வழி கென்னத் கூப்பர் 1968-ல் தந்த 12 நிமிட ஓட்டம். ஓடிய மீற்றரில் 504.9 கழித்து 44.73 ஆல் வகுத்தால் விடை. 2,400 மீற்றர் ஓடினால் 42.4. சமதரையில் ஓட வேண்டும் என்பதால் இதற்கு மட்டும் மைதானம் தேடிப் போக வேண்டும்.

எண்களின் பூர்வீகம்

● ‘நாளுக்கு 10,000 அடி’ வைத்தியர் சொன்னதல்ல, வியாபாரி சொன்னது. டோக்கியோ ஒலிம்பிக் முடிந்த சூட்டில், 1965-ல் ஜப்பானிய நிறுவனம் ஒன்று விற்ற அடிமானியின் பெயரே ‘பத்தாயிரம் அடிமானி’. 2019-ல் வயதான பெண்களிடம் நடந்த அமெரிக்க ஆய்வில், 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களுக்கே இறப்பு வீதம் குறைவாக இருந்தது. 7,500 அடியோடு அந்த நன்மை சமனாகிவிட்டது.

● கலோரி எண்ணை நம்பிச் சோற்றை அளக்காதீர்கள். 2017-ல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் ஏழு கைப்பட்டிகளை 60 பேருக்குக் கட்டிச் சோதித்தார்கள். ஆறு பட்டிகள் துடிப்பை நூற்றுக்கு ஐந்து பிழைக்குள் சொல்லின. கலோரியில் மிக நன்றாகச் செய்த பட்டிகூடச் சராசரியாக 27 வீதம் பிழைத்தது. மோசமானது 93 வீதம்.

● ‘நிமிடத்துக்கு 180 அடி’ என்ற உபதேசம் 1984 லொஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் பிறந்தது. பயிற்றுநர் ஜெக் டானியல்ஸ் அங்கே ஓடியவர்களின் அடியை எண்ணினார். ஏறக்குறைய எல்லோரும் 180-ஐத் தொட்டார்கள், தாண்டினார்கள். அவர்கள் ஓடியது ஒலிம்பிக் வேகத்தில். மெதுவாக ஓடும் நமக்கு 165 வந்தால் அது குற்றமில்லை. ஏற்றத்தில் அடியைச் சிறிதாக்கி அடிக்கடி வைத்தால் முழங்கால் நன்றி சொல்லும்.

● தூக்கக் கணக்கைப் பார்த்துப் பார்த்தே தூக்கம் கெடுபவர்கள் உண்டு. 2017-ல் வைத்தியர்கள் அதற்கு ஒரு பெயரே வைத்தார்கள். எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்பதை வோட்ச் ஓரளவு சரியாகச் சொல்லும். ஆழ்ந்த தூக்கம், கனவுத் தூக்கம் என்று பிரிப்பதெல்லாம் பெரும்பாலும் ஊகம்.

மலையில் ஓடுகிறவருக்கு

● பெரட்டுக்குப் போய், நாள் முழுக்கச் சரிவில் நின்று கொழுந்தெடுத்து, மடுவத்துக்குச் சுமந்து வந்தவர் மாலையில் ஓடுகிறார் என்று வையுங்கள். வோட்ச் அந்த நாளை எப்படி எழுதும்? கொழுந்தெடுக்கும் கை ஆடினால் சில நேரம் அடி என்று எண்ணும். தலையிலிருந்து தொங்கும் சுமையை இரு கையாலும் பிடித்துக்கொண்டு நடந்தால் நடந்த அடியே விழாது. முதுகில் இருந்த கிலோக்கணக்கு எந்த இடத்திலும் வராது. ‘இன்று பயிற்சிச் சுமை குறைவு, வேகமாக ஓடலாம்’ என்று வோட்ச் சொன்னால், வேலை செய்தது யார் என்பதை நீங்கள் நினைவில் வையுங்கள்.

● ரயில் கேட் மூடியிருக்கிறது, நிற்கிறீர்கள். தானாக நிறுத்தும் வசதி போட்டிருந்தால் வோட்ச்சும் நேரத்தை நிறுத்திவிடும். பயிற்சியில் பரவாயில்லை. பந்தயத்தில் தண்ணீர் குடிக்க நின்ற நேரமும் நேரம்தான். போட்டி நாளில் அதை அணைத்துவிடுங்கள்.

● 2017 நவம்பரில், ஓட்டத் தடங்களைப் பதிந்து பகிரும் செயலியான ஸ்ட்ராவாவின் நிறுவனம், உலகெங்கும் தன்னிடம் பதிந்த தடங்களை ஒரே வரைபடத்தில் வெளியிட்டது. மூன்று மாதத்துக்குள் நேதன் ரூசர் என்ற அவுஸ்திரேலிய மாணவர் அதில் இராணுவ முகாம்களின் சுவரோரம் தெரிவதைக் கண்டுபிடித்தார். இராணுவத்தின் வாசலே தெரிந்ததென்றால் நம் லயத்து வாசல் எம்மாத்திரம்? தனியாக ஓடும் பெண்பிள்ளைகள் தொடங்கும் இடத்தையும் முடிக்கும் இடத்தையும் மறைக்கும் அமைப்பை முதல் நாளே போட்டுவிட வேண்டும். ஓடும்போதே பார்க்கும் வசதியை வீட்டார் ஒருவருக்கு மட்டும் திறந்து வைக்கலாம்.

● ‘50 மீற்றர்’ என்று எழுதியிருந்தால் 50 மீற்றர் ஆழம் முக்குளிக்கலாம் என்று பொருளல்ல. அசையாத தண்ணீரில் அந்த அளவு அமுக்கத்தைத் தாங்கியது என்றே பொருள். அப்புத்தளை மழைக்கு அது தாராளம். சவர்க்காரமும் சுடுதண்ணீரும்தான் எதிரி. வியர்வையும் ஈரமும் பட்டிக்கு அடியில் தங்கினால் தோல் அரிக்கும். 2014-ல் ஃபிட்பிட் நிறுவனம் தன் பட்டி ஒன்றைத் தோல் எரிச்சல் முறைப்பாடுகளால் சந்தையிலிருந்தே திரும்பப் பெற்றது. வெயில் காணாத நாட்களில் துடைத்துக் காயவைத்துக் கட்டுங்கள்.

● 10,000 மீற்றரில் தேசிய மட்டத்தில் பேர் வாங்கிய குமார் சண்முகேஸ்வரன் போன்ற மலையக வீரர்களைப் பார்த்து ஓடத் தொடங்கும் பிள்ளைகள் இதைக் கேட்பதுண்டு: போட்டியில் வோட்ச் கட்டலாமா? உலக தடகள விதி துடிப்புமானியையும் தூரமானியையும் அனுமதிக்கிறது. ஒரே நிபந்தனை, அதை வைத்து வேறு யாரோடும் தொடர்புகொள்ள முடியக் கூடாது.

● கடைசியாக, பேட்டரி தேவையில்லாத ஒரு மானி. சுவீடனைச் சேர்ந்த குன்னார் போர்க், ‘எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது’ என்று கேட்டு 6-லிருந்து 20 வரை எண் சொல்லச் சொன்னார். இளம் வயதினருக்கு அதை 10-ஆல் பெருக்கினால் துடிப்புக்குக் கிட்ட வரும் என்பதால்தான் அந்த விசித்திரமான அளவு. மாதம் ஒரு முறை, ஒரே ஏற்றத்தை, நாளின் அதே வேளையில், காற்றில்லாத நாளில் ஓடுங்கள். உச்சியில் வோட்ச்சைப் பார்க்கும் முன்பே உங்கள் எண்ணைச் சொல்லி எழுதுங்கள். பிறகு நேரத்தையும் துடிப்பையும் பக்கத்தில் எழுதுங்கள். நீங்கள் சொன்ன எண் மாறாமல் நேரம் குறைந்தால் முன்னேறுகிறீர்கள். நேரம் மாறாமல் உங்கள் எண் ஏறினால் ஒரு வாரம் ஓய்வெடுங்கள், வோட்ச் எதைக் காட்டினாலும் சரி.